ஐஸ் கம்பெனி ஆனி, பாகம் மூன்று

அனிஷ் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பாயைச் சுருட்டிச் சுவரோடு நிறுத்தினான். பல் தேய்த்தான். மோட்டார் போட்டு, மேல்தொட்டி நிறைந்ததும் நிறுத்தினான். பால் காய்ச்சி ஒரு டம்ளர் காபி போட்டு அடுப்படியிலேயே நின்று குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு ஃப்ரிட்ஜின் மேல்கதவைத் திறந்து ஐஸ் தட்டைப் பார்த்தான்.

பதினான்கு குழி. பதினான்கிலும் ஐஸ் இருந்தது. அதைப் பார்த்தபடி ஒரு வரியை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். சரியாக வந்தது. கதவை மூடினான்.

பதினொரு மாதமாக இதுதான் காலை.

தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தவள் அவன் மனைவி டெல்பின். காய்ச்சல் விடவில்லை என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, ஆட்டோ வாசலில் நிற்க, உள்ளே திரும்பிப் போய் ஊற்றி வைத்துவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வேண்டும் என்றாள். ஐந்தாம் நாள் இறந்துபோனாள். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்தன. ஏற்ற ஏற்றக் குறைந்தன. இருபத்தெட்டு வயது.

ஃப்ரீசருக்குள்ளேயே இருந்தாலும் ஐஸ் தேயும் என்பது அனிஷுக்கு இந்தப் பதினொரு மாதத்தில்தான் தெரிந்தது. உருகுவதில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே இல்லாமல் போகிறது. குழி விளிம்பு வரை நின்ற ஐஸ் இப்போது பாதிக்கும் கீழே, சப்பிப் போட்ட மிட்டாய் போல வழவழவென்று கிடந்தது.

அன்று சனிக்கிழமை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்டு இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து ஷூட்டிங்கும் இருந்தது. அனிஷ் மாதாமாதம் செய்வது போலப் பரணிலிருந்து மீன் வாங்கும் தெர்மாகோல் பெட்டியை இறக்கித் துடைத்தான். தட்டைப் பாலித்தீன் பையில் சுற்றி நடுவில் வைத்தான். போகிற வழியில் மீன்பிடித் துறைமுகத்தில் வண்டியை நிறுத்தி, உடைத்த ஐஸ் இரண்டு வாளி வாங்கிச் சுற்றிலும் கொட்டினான். ஐஸ் அள்ளிப் போட்டவர், "எத்தன கிலோ மீனு அண்ணாச்சி?" என்று கேட்டார். "கொஞ்சந்தான்" என்றான்.

ஷூட்டிங் என்றால் ஜோன்ஸின் ஷூட்டிங்.

ஜோன்ஸ், டெல்பினுக்கு அண்ணன். ஒரு ஐஸ் கம்பெனியில் மெக்கானிக். நான்கு வருடத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில், ஆள் இல்லாத கம்பெனிக்குள் தங்கச்சியைப் பேயாக நிறுத்தி ஒரு படம் எடுத்தான். ஐஸ் கட்டிக்குள் உறைந்து செத்த ஆனி என்ற பெண். அந்தக் கட்டியை உடைத்துப் போட்ட படகின் மீனைத் தின்றவர் வீட்டுக்கெல்லாம் வருவாள். வந்து அடிக்க மாட்டாள், கடிக்க மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, "குளிருதா மக்கா?" என்று அக்கறையாகக் கேட்பாள். அவ்வளவுதான். கேட்டவன் ஓடுவான். நாக்குக்கு அடியில் ஒரு ஐஸ் துண்டை அடக்கிக்கொண்டு டெல்பின் அந்த வரியைச் சொல்லும்போது நிஜமாகவே வாயிலிருந்து புகை வந்தது. அதற்குத்தான் தட்டுத் தட்டாக ஐஸ். வாரநாளில் அவள் மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர்.

ஜோன்ஸ் அதைப் பேய்ப்படமாகத்தான் எடுத்தான். யூடியூபில் போட்டதும் பயந்தவர்களைவிடச் சிரித்தவர்கள் அதிகம். அடுத்த நாளே போஸ்டரில் 'காமெடி' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டான். இரண்டாம் பாகத்தில் ஆனி இறால் ஏற்றிய ரீஃபர் என்ற குளிர்பதனக் கண்டெய்னரில் ஏறி வெளிநாடு போய், தரம் சரியில்லை என்று சரக்கோடு திரும்பி வந்தாள். கடைசிக் காட்சியில் ஐஸ் கம்பெனி தீப்பிடித்து, ஆனிக்கு இருக்க இடமில்லாமல் போனது.

"அடுத்து எங்கல போவா?" என்று அனிஷ் கேட்டபோது ஜோன்ஸ் வானத்தைக் காட்டினான். "குலசையில ராக்கெட் தளம் கட்டுதாங்கள்லா. அங்கன ஏறிருவா. மேல போனா ஒரே குளிராம். பேய்க்கு அதவிட ஏசி வீடு எங்க கிடைக்கும்?"

அப்படித்தான் மூன்றாம் பாகம் விண்வெளிக்குப் போனது. அனிஷ் வேலை பார்த்த கண்டெய்னர் யார்டில் கழித்துப்போட்ட ரீஃபர் ஒன்று விண்கலம் ஆனது. இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை அறுத்துத் தலைக்கவசம் செய்தார்கள். கல்யாண வீடியோ எடுக்கும் செந்தில்முருகன் கேமராமேன். விண்வெளி வீரனும் அவனே. அவன் நடிக்கும்போது கேமரா தன்பாட்டுக்கு ஸ்டாண்டில் நிற்கும்.

எல்லாம் எழுதியாகிவிட்டது, ஒரு வரி தவிர. கடைசிக் காட்சியில் விண்கலத்துக்கு வெளியே ஆனி மிதப்பாள். உள்ளேயிருந்து வீரன், இத்தனை பாகத்தில் யாரும் கேட்காத கேள்வியை அவளிடம் திருப்பிக் கேட்பான்: "எல்லாரையும் கேக்கியே, உனக்குக் குளிரலியாளா?" அதற்கு ஆனி சொல்லும் பதிலோடு படம் முடியும். ஆனியின் வசனங்களை எழுதியவள் டெல்பின்தான். "அந்தப் பதில நான் ஷூட்டிங்ல சொல்லுதேன். இப்பச் சொன்னா நீ மாத்திருவ" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாள். ஸ்கிரிப்டின் கடைசிப் பக்கத்தில் 'ஆனி:' என்று மட்டும் இருந்தது.

"உங்கிட்டயாவது சொன்னாளா மச்சான்?" என்று ஜோன்ஸ் பலமுறை கேட்டுவிட்டான். இல்லை என்றே அனிஷ் சொன்னான்.

சொல்லியிருந்தாள். அவள் கடைசியாகச் சொன்னதே அதுதான். அதை வெளியே விட்டால், அவன் சொன்ன பொய் ஒன்று நிற்காது.

ஐந்தாம் நாள் காலையில் ஐசியூவில் அவளோடு இருந்தது அவன் மட்டும். மாமியார் இசபெல்லா, ஆஸ்பத்திரி வாசலில் மாதா சிலை இருக்கும் கெபியில் திரி ஏற்றக் கீழே போயிருந்தாள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இசபெல்லா அழுவதற்கு முன் கேட்டது இதுதான்: "மூணு பேரையும் சொன்னாளாய்யா?"

சேசு, மரி, சூசை. சாகும்போது ஏசு, மாதா, சூசையப்பர் மூவரின் பெயரையும் சொல்லிவிட்டால் நல்ல மரணம். சொல்ல முடியாதவர்களுக்குக் காதில் சொல்லுவார்கள். அந்தக் கரையில் ஒரு சாவு வீட்டுக்குப் போனால், எப்படிப் போனாள் என்று கேட்பதற்கு முன் எதைச் சொல்லிப் போனாள் என்றுதான் கேட்பார்கள். டெல்பின் சொல்லவில்லை. காதில் சொல்ல அனிஷுக்குத் தோன்றவும் இல்லை.

"சொன்னா மாமி" என்றான்.

எட்டாம் நாள் கேட்டாள்: "மூணும் முழுசாவா?" முழுசாகத்தான். முப்பதாம் நாள் பூசை முடிந்து கேட்டாள்: "கண்ணத் தெறந்துக்கிட்டா?" திறந்துகொண்டுதான். ஆறாம் மாதம்: "நெத்தியில குருசு போட்டாளா?" போட்டாள். பொய்யும் ஜோன்ஸ் படம் மாதிரிதான். முதல் பாகம் ஓடிவிட்டால் இரண்டும் மூன்றும் தன்னால் வரும்.

இதில் அனிஷுக்கு வருத்தம் என்றோ நிம்மதி என்றோ எதுவும் இருக்கவில்லை. யார்டில் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்புவது போல நிரப்பிக் கொடுத்தான். வேறொன்றுதான் அவனைப் பிடித்து ஆட்டியது. கொஞ்ச நாளாக அந்த அறையை நினைத்தால், டெல்பின் கையைத் தூக்கி நெற்றியில் குருசு போடுவது தெரிந்தது. அவள் போடவில்லை. குருசு போடும் வலது கையில் ஊசி குத்தி டேப் ஒட்டியிருந்தது, தூக்கியிருக்கவே முடியாது. ஆனாலும் தெரிந்தது. வெளிச்சம், விரல், நகத்தில் பாதி உரிந்த பாலிஷ் உட்படத் தெரிந்தது. அதனால்தான் காலையில் ஐஸைப் பார்த்துக்கொண்டே அந்த வரியைச் சொல்லிப் பார்ப்பது. இருக்கிறதா, போய்விட்டதா என்று.

பெயருக்குத்தான் தீவான முயல் தீவின் கரையில் செந்தில்முருகனின் ஆம்னி நின்றது. வண்டி நிழலில் இசபெல்லா சோற்றுப் பாத்திரங்களோடு உட்கார்ந்திருந்தாள். ஷூட்டிங் என்றால் சாப்பாடு அவள் பொறுப்பு. மகள் போன பிறகும் அதை விடவில்லை. மடியில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தாள்.

"வாங்க மருமவனே. சாப்பிட்டியளா?"

"ஆச்சு மாமி."

"எங்க ஆச்சு, கன்னம் ஒட்டிக் கிடக்கு. இந்தத் தாளக் கொஞ்சம் பாருங்க. கல்லறைக் கல்லு வெட்டுத முத்துச்செல்வம் அண்ணாச்சி பன்னெண்டு மணிக்குள்ள சொல்லணுங்காவ. பொறவு கயத்தாறுக்கு வேற வேலையாப் போறாவளாம். வருசப் பூசைக்குள்ள கல்லு வைக்கணும்லா."

தாளில் பேனா எழுத்தில் இருந்தது: 'டெல்பின் அனிஷ். சேசு, மரி, சூசை என்னும் மூன்று திருநாமங்களையும் உச்சரித்து இறைவனில் இளைப்பாறியவள்.'

அனிஷ் படித்தான். மறுபடி படித்தான்.

"கடல்ல இருந்து ஏறி வந்து சொல்லுதேன் மாமி."

"கல்லுல ஏறிட்டா மாத்த முடியாது பாத்துக்கிடுங்க. நீங்கதான் பக்கத்துல இருந்தது. நான் இல்ல" என்றாள் இசபெல்லா.

அவன் தெர்மாகோல் பெட்டியை வண்டியின் நிழலில், அவளுக்குப் பின்னால் வைத்துவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தான்.

விண்வெளி, கழுத்தளவு ஆழத்துக்கும் கொஞ்சம் அப்பால் தயாராக இருந்தது. கறுப்புத் தார்ப்பாய் ஒன்றை நாலு கம்பில் கட்டித் தண்ணீருக்கடியில் நிறுத்தியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஆனி மிதக்க வேண்டும். முகம் காட்டும் காட்சிகளில் டெல்பினுக்குப் பதிலாக ஜோன்ஸின் சித்தி மகள் ஜெப்ஸி நடித்திருந்தாள். தண்ணீருக்குள் இறங்கச் சொன்னபோது, "பேயா நடிக்கச் சொன்னா நடிக்கேன். பேயாவே ஆக்கிருவிய போலிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள். மூச்சடக்கத் தெரிந்த ஒல்லியான ஆள் அனிஷ் ஒருவன்தான். அவன் அப்பா சங்கு குளித்தவர்.

பக்கத்தில் நின்ற சிறு வள்ளத்தில் வைத்து ஜோன்ஸ் அங்கியை எடுத்தான். பழைய ஜன்னல் திரையில் இசபெல்லா தைத்துக் கொடுத்த வெள்ளை அங்கி. கீழ் ஓரத்தில் ஐஸ் கம்பெனித் தரையின் துருக்கறை. அனிஷ் அதைத் தலைவழியாக மாட்டினான். முதுகுப் பக்கம் சேரவில்லை. ஜோன்ஸ் ஊக்குப் போட்டான். பிறகு சவுரி முடி.

செந்தில்முருகன் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, தண்ணீர் புகாத உறை போட்ட கேமராவைத் துடைத்துக்கொண்டே பார்த்தான். "ஏலே, மீச தெரியுதுல."

"பின்னாலேருந்து எடு" என்றான் ஜோன்ஸ்.

"பின்னால ஊக்கு தெரியுது."

"விண்வெளியில ஊக்கு இருக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதிருக்கா? எடுல."

ஜோன்ஸ் கயிற்றை அனிஷின் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். சங்கு குளிப்பவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது இந்தக் கரையில் பழைய கணக்கு. கயிறு கைநழுவினால் தாலி அறுவது சொந்தத் தங்கச்சிக்கு. அதனால் அவன் மட்டும் விடமாட்டான்.

"இப்ப எந்தத் தங்கச்சிக்காவல பிடிக்க?" என்று செந்தில்முருகன் பழக்கத்தில் கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கேமராவைத் துடைத்த இடத்திலேயே மறுபடி துடைத்தான்.

ஜோன்ஸ் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். "ரெண்டு வாட்டி சுண்டுனா இழுப்பேன் மச்சான். சுண்டாம விட்டாலும் நான் எண்ணிக்கிட்டேதான் இருப்பேன்" என்றான்.

அனிஷ் இறங்கினான்.

அடியில் அங்கி விரிந்து எழுந்து அவனைச் சுற்றி நின்றது. முன்னால் கறுப்பு. கலங்கலில் மிதந்த தூசியில் மேல்வெளிச்சம் பட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியது. ஜோன்ஸ் கணக்குத் தப்பவில்லை. நிஜமாகவே நட்சத்திரம் போலிருந்தது. கையை விரிக்கச் சொல்லியிருந்தார்கள். விரித்தான். வெள்ளைக் கைகள் இரண்டு அவனுக்கு முன்னால் நீண்டன. அவை அவன் கைகளாகத் தெரியவில்லை. துணியின் முனை அவன் முழங்கையைத் தொட்டுவிட்டு நகர்ந்தது. யாரோ பக்கத்தில் வந்து உட்காரும்போது தொடுவது போல.

குளிருதா மக்கா?

அவன் அதைக் கேட்கவில்லை. நினைத்தான். நினைத்ததும் வழக்கம் போல டெல்பினின் அந்தக் கடைசி வரியைத் தேடினான்.

வரவில்லை.

அறை வந்தது. கட்டில் வந்தது. ஆக்சிஜன் முகமூடி வந்தது. டெல்பின் வாயைத் திறந்தாள். சேசு, மரி, சூசை என்றாள். அவள் குரலிலேயே சொன்னாள். நெற்றியில் குருசு போட்டாள். அனிஷ் அதைத் தள்ளிவிட்டு மறுபடி தொடக்கத்திலிருந்து பார்த்தான். கட்டில். முகமூடி. சேசு, மரி, சூசை. மறுபடியும். அவன் இட்டுக்கட்டியது எல்லாம் வரிசை குலையாமல் வந்தது. நடந்தது மட்டும் இல்லை. வாய் அசைந்தது நினைவிருந்தது. என்ன சொன்னாள் என்பது இல்லை. ஐஸ் தேய்வது போல, ஒரு சொட்டுச் சிந்தாமல், இருந்த இடத்திலேயே போயிருந்தது.

நெஞ்சு முட்டியது. அவன் கயிற்றைச் சுண்டவில்லை. இன்னும் கொஞ்சம் இருந்தால் வந்துவிடும் என்று இருந்தான். நட்சத்திரங்கள் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அணைந்துவந்தன.

இடுப்பில் வெட்டி இழுத்தது. ஜோன்ஸ் அவனை மீன் இழுப்பது போல இழுத்து வள்ளத்தில் போட்டான்.

"என்னல செஞ்ச? நூத்திப் பத்து எண்ணிட்டேன்! சுண்டச் சொன்னேன்லா!"

அனிஷ் இருமினான். சவுரி வாயில் ஒட்டியிருந்தது.

"ஷாட் நல்லா வந்துருக்கு" என்று தண்ணீரிலிருந்து செந்தில்முருகன் மெதுவாகச் சொன்னான். "ரொம்ப நல்லா வந்துருக்கு. ஆனா இன்னொரு வாட்டி எடுக்க வேண்டாம்."

அனிஷ் கரைக்கு வந்தான். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவன் பல் அடித்துக்கொண்டது. அங்கியோடே மணலில் உட்கார்ந்தான். இசபெல்லா ஒரு பெரிய சில்வர் டம்ளரை அவன் கையில் திணித்தாள். நன்னாரி சர்பத். மற்ற இருவரும் ஆளுக்கொரு டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்கள். அனிஷும் குடித்தான். உப்புக் கரித்த வாய்க்கு அது இறங்கியது. கடைசியில் ஒரு துண்டு ஐஸ் வாய்க்குள் வந்து விழுந்தது. சின்னது. ஓரம் வழவழவென்று இருந்தது.

அவன் மெல்லவில்லை.

"மாமி, ஐஸ் ஏது?"

"நீங்க கொண்டு வந்ததுதான். நல்லவேளை கொண்டாந்திய, வீட்டுலதான் கரண்டு இல்லியே. மீனு ஐஸ் குடிக்க ஆகாதேன்னு தோண்டிப் பாத்தேன், நடுவுல தட்டுல நல்ல ஐஸா சுத்தி வச்சிருந்திய. எல்லாம் தேஞ்சு துணுக்குத் துணுக்கா இருந்துச்சு. ஆளுக்கு நாலு போட்டேன். எனக்கு ரெண்டு."

ஐஸ் தட்டைக் கழுவி, காயட்டும் என்று பெட்டி மூடியின் மேல் கவிழ்த்து வைத்திருந்தாள். பதினான்கு குழியும் தலைகீழாக இருந்தன.

துப்புவதா விழுங்குவதா என்று அனிஷுக்குத் தெரியவில்லை. நாக்குக்கு அடியில் அடக்கிக்கொண்டான். அது அங்கே இருந்து, குறைந்து, இல்லாமல் போனது. ஜோன்ஸ் டம்ளரின் அடியை அண்ணாந்து தட்டிக்கொண்டிருந்தான். செந்தில்முருகன் கடைசித் துண்டைக் கடித்த சத்தம் கேட்டது. கத்த வேண்டும் என்று அனிஷ் நினைத்தான். வாய் மரத்திருந்தது.

ஜோன்ஸின் போன் அடித்தது. "அண்ணாச்சி... ஆமா, இங்கனதான் இருக்காவ. ஒரு நிமிசம்." போனைக் கையால் பொத்திக்கொண்டு அனிஷைப் பார்த்தான். "மச்சான், கல்லுக்கு சரின்னு சொல்லிரட்டா?"

இசபெல்லா வண்டிக்குள்ளிருந்து உலர்ந்த துவாலையை எடுத்து வந்தாள். அவன் தோளைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் கழுத்தடியில் இழுத்துச் சேர்த்துப் பிடித்தாள்.

"ஏன்யா இப்படி நடுங்குது? போத்திக்கோ. நல்லாப் போத்திக்கோ."

பதற்றத்தில் அவள் மரியாதையை விட்டுவிட்டாள். மகளிடம் பேசுவது போலப் பேசினாள். குரலும் அதே குரல். மகளுக்குக் கொடுத்தது அவள்தானே.

அனிஷ் அப்படியே இருந்தான். அந்த அறை மறுபடி வந்தது. இந்த முறை அவன் எதையும் தள்ளவில்லை, தேடவில்லை. தலைக்கு மேல் ஏசி. நாலு நாள் தூங்காத உடம்பு, ஸ்டூலில் இதே போல நடுங்கிக்கொண்டிருந்தது. இருந்தது ஒரே போர்வை. அதை அவன் அவளுக்கு மூன்று முறை போர்த்திவிட்டான். மூன்று முறையும் அவள் காலால் தள்ளினாள். டேப் ஒட்டாத கையால் முகமூடியைக் கீழே இழுத்தாள்.

"சொல்லிரட்டா மச்சான்? அண்ணாச்சி காத்துக்கிட்டு இருக்காவ."

"வேண்டாம்" என்றான் அனிஷ். "மாமி, அது சரியில்ல."

இசபெல்லா தாளைப் பிரித்தாள். "எது? வரிசையா? மரிதான முன்ன சொன்னா?"

"அவ சொல்லல மாமி."

"எத?"

"மூணையும். நான்தான் சொன்னேன், அவ சொன்னான்னு. கண்ணத் தெறந்தது, குருசு போட்டது, எல்லாம் நான் சொன்னதுதான். வலது கையத் தூக்க முடியாது அவளுக்கு."

ஜோன்ஸ் போனை அணைத்தான். செந்தில்முருகன் எழுந்து தண்ணீர்ப் பக்கம் போனான்; கொஞ்ச தூரம் போய் நின்றான்.

இசபெல்லா துவாலையைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. "சேசுவையாவது?"

"இல்ல மாமி."

"மாதாவ?"

"இல்ல."

"அப்ப ஒண்ணுமே சொல்லாமலா போனா?"

"சொன்னா. கல்லுல போடுத மாதிரி இல்ல. அதான்..."

இசபெல்லா கடல் பக்கம் திரும்பினாள். கறுப்புத் தார்ப்பாயின் ஒரு மூலை அவிழ்ந்து மேலே வந்து, அலைக்கு அலை அடித்துக்கொண்டிருந்தது. லேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தாள். பிறகு துவாலையின் முனைகளை அவன் கழுத்தடியில் முடிச்சுப் போட்டாள். இறுக்கமாகவே போட்டாள்.

"என்னத்தச் சொன்னா?" என்றாள். "அவ சொன்ன மாதிரியே சொல்லு. கட்டின புருசன 'ஏலே'ம்பா, எத்தன வாட்டி வஞ்சிருக்கேன். அப்படிச் சொல்லிருந்தா அதையும் விடாமச் சொல்லு. கூட்டாத. கொறைக்காத."

அனிஷ் அந்த வரியை முதலில் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். சரியாக வந்தது.

"லே, நீ போத்திக்கோ. பேய்க்குக் குளிராது."